காக்கையிலிருந்து தொடங்குங்கள்: வீட்டைச் சுற்றியுள்ள உயிர்களைக் கணக்கெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

‘செல்போன் டவர் வந்தது, சிட்டுக்குருவி போனது’ என்ற செய்தி உங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கும் வந்திருக்கும். மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி தினத்தன்று தவறாமல் வரும். 2020இல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை வேறு கதை சொன்னது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான பதிவுகளைப் பார்த்தால், நாட்டளவில் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது. சென்னை, பெங்களூரு, மும்பை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் நீலச் சிறகுப் பனங்காடையோ நாடு முழுக்கக் குறைந்துகொண்டே வருகிறது. அதைப் பற்றி யாரும் ஃபார்வர்டு அனுப்பவில்லை.

2023இல் வந்த அடுத்த அறிக்கை 942 இனங்களை அலசியது. 30,000க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் போட்ட 3 கோடிப் பதிவுகள் அதற்கு அடிப்படை. நீண்டகாலப் போக்கைக் கணிக்கும் அளவுக்குத் தரவு கிடைத்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருந்தன. மயிலும் குயிலும் மாடப்புறாவும் செழிப்பாக இருந்தன. இந்தப் பதிவுகளைப் போட்டவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் இல்லை. ஆசிரியர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவர், ஓய்வு பெற்றவர் என்று எல்லோரும் உண்டு. வேலைக்குக் கிளம்பும் முன் கால் மணி நேரம் மாடியில் நின்றவர்கள். அந்தக் கால் மணி நேரத்தில் என்ன செய்வது, எப்படிச் செய்வது என்பதைத்தான் எழுதப்போகிறேன். பறவையை வைத்தே அதிகம் சொல்கிறேன், தொடங்குவதற்கு அதுதான் எளிது. பூச்சியும் மரமும் பின்னால் வரும்.

முதலில் என் தவறு

நான் தொடங்கியபோது ஒரு நோட்டு வாங்கி, அதில் ‘விசேஷமான’ பறவைகளை மட்டும் எழுதினேன். ஒரு நாள் அரசவால் ஈப்பிடிப்பான், ஒரு நாள் ஆறுமணிக்குருவி. கண்மாய்க்குக் கரண்டிவாயன் வந்த அன்று மூன்று பக்கம். காக்கை, மைனா, தவிட்டுக்குருவி எல்லாம் தினமும் இருப்பவைதானே, எழுதி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

பக்கத்துக் காலி மனையில் கருவேலமும் உண்ணிச்செடியும் மண்டிக் கிடந்தன. தவிட்டுக்குருவிக் கூட்டத்துக்கு அதுதான் வீடு. ஒரு நாள் ஜேசிபி வந்தது, சாயங்காலத்துக்குள் மனை மொட்டையானது. கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது: காலையில் கேட்கும் அந்தச் சண்டைச் சத்தம் இல்லை. எத்தனை இருந்தன? ஏழா, பன்னிரண்டா? எந்த மாதத்திலிருந்து காணவில்லை? மனை போனதால் போனதா, அதற்கு முன்பே குறைய ஆரம்பித்துவிட்டதா? நோட்டைப் புரட்டினேன். கரண்டிவாயன் மூன்று பக்கம் இருக்கிறது. தவிட்டுக்குருவி ஒரு வரிகூட இல்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமானதை, ஒரே இடத்தில், தவறாமல் எண்ணுங்கள். அபூர்வப் பறவையைப் படமெடுக்க ஆட்கள் ஏராளம்.

இடம் பிடிப்பது

வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் நடந்து போகக்கூடிய இடமாக இருக்கட்டும். மொட்டைமாடி, தெருமுனைப் பூங்கா, கண்மாய்க் கரை, கோயில் குளம், கல்லூரி வளாகம் எதுவானாலும் சரி. வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் அருமையான இடங்கள்தான், ஆனால் வருடத்துக்கு ஒரு முறை போய்வருகிற இடத்தில் மாற்றத்தைப் பார்க்க முடியாது. மாடியில் வாரம் ஒரு பட்டியல் போட்டால் வருடத்துக்கு 52 பட்டியல். அதில் பழுப்புக் கீச்சான் எந்த வாரம் வந்தது, எந்த வாரம் கிளம்பியது என்பது தானாகவே விழுந்துவிடும்.

சூரியன் உதித்து இரண்டு மணி நேரத்துக்குள் பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும், சத்தமும் போடும். மாலையிலும் பார்க்கலாம். எந்த நேரமானாலும் ஒரே நேரத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது.

என்னென்ன வேண்டும்

கண், காது, செல்போன், ஒரு சின்ன நோட்டு. முதல் மாதம் இதுவே போதும்.

பைனாகுலர் வாங்குவதென்றால் 8×42 என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் லென்சின் அகலம், மில்லிமீட்டரில். ‘20 மடங்கு, 30 மடங்கு ஜூம்’ என்று விற்பவற்றை நம்ப வேண்டாம். கை லேசாக நடுங்கினாலும் பறவை ஆட்டம் ஆடும், வெளிச்சமும் குறைவு. கேமரா அப்புறம். கையில் கேமரா இருந்தால் எண்ண மாட்டீர்கள், கிளிக்கிக்கொண்டே இருப்பீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

பைனாகுலரோடு மாடியில் நிற்பதற்கு முன் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எதிர்வீட்டு அக்கா கீழே நின்று கேட்டார்: “என்ன தம்பி, தெனமும் எங்க வீட்டையே பாத்துட்டு இருக்கீங்க?” அவர் வீட்டு முருங்கை மரத்தில் இருந்த தேன்சிட்டுக் கூட்டைக் காட்டிய பிறகுதான் முகம் இளகியது.

செயலிகளில் பறவைக்கு இபேர்ட். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் 2002இல் தொடங்கியது, இலவசம். இந்தியாவில் இதை ஒருங்கிணைப்பது ‘பேர்ட் கவுன்ட் இந்தியா’ என்ற கூட்டமைப்பு. பறவையின் பெயர் தெரியாதபோது உதவுவதற்கு மெர்லின். பூச்சி, செடி, தவளை, பல்லி எல்லாவற்றுக்கும் ஐநேச்சுரலிஸ்ட்.

பதினைந்து நிமிடம்

ஒரு டிசம்பர் ஞாயிறு. காலை 6.40. செயலியில் ‘தொடங்கு’ அழுத்திவிட்டு நிற்கிறேன்.

தண்ணீர்த் தொட்டியில் நான்கு வீட்டுக்காக்கைகள். பெருக்கல் குறிபோல ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு மேலே பறப்பவை பனை உழவாரன்கள், ஒரே நேரத்தில் எட்டு. எங்கோ இரும்படிக்கிற மாதிரி ‘டொக், டொக், டொக்’. அது செம்மார்புக் குக்குறுவான். கண்ணில் படவில்லை, ஆனால் குரல் சந்தேகமில்லாதது, ஒன்று என்று போடுகிறேன். இன்னொரு திசையிலிருந்து அதே நேரத்தில் பதில் வருகிறது. சரி, இரண்டு. கிழக்கிலிருந்து ஏழு காக்கைகள் மேற்கே கடந்து போகின்றன. தொட்டியில் இருந்த நான்கும் அப்படியே இருப்பதால் மொத்தம் பதினொன்று. ஐந்து நிமிடம் கழித்துத் தொட்டியில் மூன்று காக்கைகள். முன்பு இருந்தவையாக இருக்கலாம், சேர்க்கவில்லை. கம்பியில் செங்குதச் சின்னான் இரண்டு. அடுக்குமாடிச் சன்னல் மேல் மாடப்புறா பதினான்கு. கண்மாய்ப் பக்கம் ஒரு மடையான் பறக்கிறது. உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம், சிறகு விரித்தால் பளிச்சென்று வெள்ளை. முருங்கையில் ஏதோ ஒரு பச்சைக் குருவி. சட்டென்று இலைக்குள் போய்விட்டது, பெயர் தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.

6.55. முடித்துவிட்டேன்.

இப்போது செயலி ஒரு கேள்வி கேட்கும்: உங்களால் அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் பட்டியலில் சேர்த்துவிட்டீர்களா? காக்கை, புறா உட்பட எல்லாவற்றையும் சேர்த்திருந்தால் ‘ஆம்’. பிடித்ததை மட்டும் போட்டிருந்தால் ‘இல்லை’. முருங்கையில் ஒளிந்த அந்தப் பச்சைக் குருவிக்காக ‘இல்லை’ போட வேண்டியதில்லை. அடையாளம் காண முடிந்தவற்றைத்தான் கேட்கிறார்கள்.

இந்த ‘ஆம்’ தான் முக்கியம். முழுப் பட்டியல் என்றால், அதில் இல்லாத பறவை அந்தப் பதினைந்து நிமிடம் உங்களுக்குத் தென்படவில்லை என்று அர்த்தம். அன்றைக்கு என் பட்டியலில் தவிட்டுக்குருவி இல்லை. நான் பூஜ்யம் என்று எங்கும் எழுதவில்லை, ஆனால் அது பூஜ்யமாகவே பதிவாகிவிட்டது. ஒரு மாவட்டத்தில் நூறு முழுப் பட்டியல்களில் நாற்பதில் பனங்காடை இருந்து, பத்து வருடம் கழித்து நூற்றுக்கு இருபதில்தான் இருக்கிறது என்றால், அது குறைகிறது என்று சொல்ல வழி கிடைக்கிறது. நாடளாவிய அறிக்கை இந்த வருகை விகிதத்தைத்தான் அலசுகிறது. ‘இன்று பனங்காடை பார்த்தேன்’ என்ற ஒற்றைப் பதிவுகள் லட்சம் இருந்தாலும் அப்படிச் சொல்ல முடியாது. பார்க்காத நாட்களை அவை சொல்வதில்லையே.

நின்ற பட்டியல், நடந்த பட்டியல்

ஒரே இடத்தில் நின்று பார்த்தால் ‘ஸ்டேஷனரி’. நடந்துகொண்டே பார்த்தால் ‘டிராவலிங்’. தூரத்தைச் செயலி ஜிபிஎஸ் மூலம் தானே அளந்துகொள்ளும். போன வழியிலேயே திரும்பி வந்தால் ஒருவழித் தூரத்தை மட்டும் போடுங்கள். பஸ்ஸில் போகும்போது சன்னல் வழியே ஒரு கரும்பருந்து கண்ணில் பட்டால் ‘இன்சிடென்டல்’, அதாவது தற்செயல். தற்செயல் பதிவு தவறு இல்லை, ஆனால் முழுப் பட்டியலின் பயன் அதற்கு இல்லை.

பொதுவாகப் பட்டியல் சின்னதாக இருப்பதே நல்லது. காலையில் கிளம்பி மாலைவரை மூன்று ஊர் சுற்றி ஒரே பட்டியலாகப் போட்டால், எந்தப் பறவை எந்தக் கண்மாயில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இடம் மாறினால் புதுப் பட்டியல். ஒரே இடத்திலேயே மூன்று மணி நேரம் இருந்தால் மணிக்கு ஒன்று எனப் பிரித்துப் போடலாம்.

நான்கு பேர் சேர்ந்து போனால் ஒருவர் போட்டு மற்றவர்களுக்குப் பகிர வேண்டும். நான்கு பேரும் தனித்தனியாகப் போட்டால் கண்மாயில் இருந்த ஐம்பது வாத்து இருநூறாகிவிடும்.

எண்ணுவதில் உள்ள வம்பு

‘எத்தனை என்று எப்படிச் சரியாகச் சொல்வது?’ என்பதுதான் எல்லோரும் கேட்பது. சரியாகச் சொல்ல முடியாது. நேர்மையான மதிப்பீடு போதும்.

பெரிய கூட்டம் என்றால் முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மேல் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். களத்துமேட்டில் மரக்காலால் நெல் அளந்த மாதிரிதான். சோளக்காட்டுக்கு வரும் சூறைக்குருவிக் கூட்டத்தை இப்படித்தான் அளக்க முடியும். மாலையில் அடையப் போகும் கிளிகளை நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணிப் பெருக்கலாம்.

முக்குளிப்பான் தனி ரகம். எண்ணிக்கொண்டிருக்கும்போதே முங்கிவிடும், நாம் நினைக்காத இடத்தில் எழும். மூன்று முறை எண்ணி, கிடைத்ததில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 1979 முதல் நடக்கும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பிலும் இதே யோசனைதான்: ஒரு மணி நேரத்தில் வந்துபோனவற்றைக் கூட்டாமல், ஒரே நேரத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையைத்தான் எழுதச் சொல்கிறார்கள். அதே சிட்டுக்குருவி பத்து முறை வந்துபோனாலும் அது ஒரு குருவிதான்.

எண்ணவே முடியாவிட்டால் எண்ணுக்குப் பதிலாக ‘எக்ஸ்’ போடலாம், இருந்தது என்று பொருள். ஆனால் அதைப் பழக்கமாக்கிக்கொள்ளாதீர்கள். ‘சுமார் 40’ என்பது எக்ஸைவிட எவ்வளவோ மேல்.

பெயர் தெரியாத பறவை

முதலில் அளவைப் பாருங்கள். சிட்டுக்குருவி, மைனா, காக்கை, பருந்து என்று நான்கு படி. ‘மைனாவைவிடப் பெரிசு, காக்கையைவிடச் சின்னது’ என்று சொல்ல முடிந்தாலே பாதி வேலை முடிந்தது. அப்புறம் அலகு, வால், எங்கே உட்கார்ந்திருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது. நிறம் கடைசி. காலை வெயிலுக்கு எதிரே எல்லாப் பறவையும் கறுப்புதான்.

நம்மூரில் அடிக்கடி குழப்புபவை சில உண்டு. கழுத்து சாம்பலாக இருந்தால் வீட்டுக்காக்கை, முழுக் கறுப்பாகத் தடித்த அலகோடு இருந்தால் அண்டங்காக்கை. வெள்ளைக் கொக்குகளில் அலகு மஞ்சளாக, மாட்டோடு மேய்ந்தால் பெரும்பாலும் உண்ணிக்கொக்கு. அலகும் காலும் கறுப்பாக, பாதம் மட்டும் மஞ்சளாக இருந்தால் சின்னக் கொக்கு. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியோடு பெரிதாக ஒன்று பப்பாளி மரத்தில் இருந்தால் அது புதுப் பறவை இல்லை, பெண் குயில்.

நான் ஏமாந்தது வைரியிடம். சாம்பல் முதுகு, வரிவரியான வால், பருந்து மாதிரியே பறத்தல். பெருமையாக வைரி என்று பதிந்து மங்கலான படமும் ஏற்றினேன். ஒரு வாரத்தில், தரவைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல். ‘அலகைப் பாருங்கள், வளைந்த கொக்கியாக இல்லையே, அக்காக்குயிலாக இருக்குமோ?’ என்று பணிவாகக் கேட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கினேன். அக்காக்குயிலேதான். வைரியைப்போல வேடம் போட்டே பிழைக்கும் பறவை அது, தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டை வைக்கும்.

உங்களுக்கும் இப்படி மின்னஞ்சல் வரும். கோபப்பட வேண்டாம். அந்த மாவட்டத்தில், அந்த மாதத்தில் வழக்கமாக இல்லாத பறவையையோ மிகப் பெரிய எண்ணையோ போட்டால் செயலியே தடுத்துக் கேட்கும், பிறகு ஓர் ஆள் பார்ப்பார். படம் இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் பார்த்ததை நான்கு வரி எழுதுங்கள். சந்தேகம் இருந்தால் நீக்கிவிடுங்கள். ‘ஏதோ ஒரு கொக்கு’, ‘ஏதோ ஒரு கதிர்க்குருவி’ என்று பொதுவாகப் போடவும் வழி இருக்கிறது.

மெர்லின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், பழகுவதற்கு அருமையான கருவி. ஆனால் அது சொன்னதை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள். கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை எடுத்துவிடுவதில் கெட்டிக்காரன், செயலியையும் ஏமாற்றும். மெர்லின் சொன்ன திசையில் தேடுங்கள், கண்ணால் பார்த்தோ காதால் உறுதிசெய்தோ போடுங்கள்.

பூச்சி, செடி, பல்லி

ஐநேச்சுரலிஸ்ட் வேறு மாதிரி. அதில் பட்டியல் கிடையாது, ஒவ்வொரு உயிருக்கும் ஒரு படமோ ஒலிப்பதிவோ. 2008இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முதுகலை மாணவர்களின் இறுதித் திட்டமாகத் தொடங்கியது. படத்தை ஏற்றினால் செயலி ஒரு பெயரை ஊகிக்கும், பிறகு உலகெங்கும் உள்ளவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே இனப்பெயரை ஒப்புக்கொண்டால் அது ‘ஆய்வுத் தரம்’ பெறும்.

படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, அடையாளம் தெரிய வேண்டும். வண்ணத்துப்பூச்சி என்றால் சிறகின் மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று. செடி என்றால் பூ, இலை, முழுச் செடி என மூன்று, எல்லாவற்றையும் ஒரே பதிவில். பூவை மட்டும் மிக அருகில் எடுத்துப் போட்டுவிட்டு யாரும் பெயர் சொல்லவில்லையே என்று வருந்தாதீர்கள். வாட்ஸப்பில் வந்த படத்தை ஏற்றினால் நாளும் இடமும் தப்பாகப் போகும், மூலப் படத்தை வாங்குங்கள்.

தொட்டிச் செடி, நட்டு வளர்த்த மரம், வளர்ப்பு நாய் ஆகியவற்றுக்கு ‘வளர்க்கப்பட்டது’ என்று குறியிட வேண்டும். குளியலறைப் பல்லிக்கும் சமையலறை எறும்புக்கும் அந்தக் குறி வேண்டாம். அவை உங்கள் வீட்டில் இருந்தாலும் நீங்கள் வளர்த்தவை இல்லை, அவை காட்டுயிரே!

மாடியில் கறிவேப்பிலைத் தொட்டி இருந்தால் தளிரைப் பாருங்கள். பறவை எச்சம்போல ஒரு புழு ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு அதுவே பச்சையாகி, கூட்டுப்புழுவாகி, கறிவேப்பிலை அழகியாகப் பறக்கும். ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து, எந்தச் செடியில் என்று எழுதி ஏற்றுங்கள். எருக்கஞ்செடியில் வெந்தய வரியனின் புழு. வீட்டை விட்டு நகராமல் செய்யக்கூடிய நல்ல வேலை இது.

வண்ணத்துப்பூச்சியை எண்ணவும் ஆசை இருந்தால், பிரிட்டனில் 1976 முதல் ஒழுங்காக நடந்துவரும் முறை ஒன்று உண்டு. ஒரு நிலையான பாதை. வாரம் ஒரு முறை, வெயில் இருக்கும் நேரத்தில் மெதுவாக நடக்க வேண்டும். இருபுறமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர். இந்தக் கற்பனைப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ண வேண்டும். தூரத்தில் எவ்வளவு அழகான பூச்சி பறந்தாலும் கணக்கில் வராது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இரவு விளக்கடியில் வெள்ளை வேட்டியைக் கட்டினால் அந்துப்பூச்சிகள் வந்து உட்காரும். படமெடுத்துவிட்டு அரை மணியில் விளக்கை அணைத்துவிடுங்கள். விடியும்வரை விட்டால் காலையில் கரிச்சானுக்கு விருந்து.

ஒரே மரம்

காலையில் எழ முடியாதவர்களுக்கு மரம் ஏற்றது. அது பறந்துபோகாது. ‘சீசன்வாட்ச்’ என்ற திட்டத்தில் ஒரு மரத்தைப் பதிந்துகொண்டு வாரம் ஒரு முறை அதைப் பார்க்க வேண்டும். தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறிக்க வேண்டும். இரண்டே நிமிடம். வேம்பு, புங்கம், மா, புளி, சரக்கொன்றை எதுவானாலும் அதே மரம், வருடம் முழுக்க. ‘இந்த வருஷம் வேம்பு சீக்கிரமே பூத்துவிட்டது’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். எத்தனை வாரம் சீக்கிரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நீங்கள் சொல்லலாம்.

செய்யக்கூடாதவை

கூட்டின் அருகே போகாதீர்கள், கிளையை ஒதுக்கிப் படமெடுக்காதீர்கள். நாம் விலகியதும் காக்கையோ பூனையோ அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும். பறவையை வரவழைக்க அதன் குரலைச் செல்போனில் போட்டுக்காட்ட வேண்டாம். எல்லைக்காகச் சண்டை போட வந்து, சாப்பிடும் நேரத்தை அது வீணாக்கும். பாம்பு, ஆமை, தவளை எதையும் கையில் எடுக்க வேண்டாம்.

இடத்தைச் சொல்வதில் கவனம் தேவை. ஆந்தைக் கூடு, நட்சத்திர ஆமை, தேவாங்கு ஆகியவற்றைத் தேடித் திருடுபவர்கள் உண்டு. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களின் கடவூர்ப் பகுதியில் 11,806 ஹெக்டேர் நிலத்தைத் தேவாங்குச் சரணாலயமாக 2022இல் அறிவித்ததே அதைக் காப்பாற்றத்தான். அபாயத்தில் உள்ள பல இனங்களின் இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மங்கலாக்கிக் காட்டும். மற்றவற்றுக்கு நீங்களே ‘மறைத்துக் காட்டு’ என்று மாற்றலாம். உங்கள் வீட்டு முகவரி தெரிய வேண்டாம் என்றாலும் இதைச் செய்யுங்கள். செயலியில் மறைத்துவிட்டு அதே இடத்தை இன்ஸ்டாகிராமில் போடுபவர்களை என்ன சொல்வது?

வனப்பகுதிக்குள் அனுமதி இல்லாமல் போகக்கூடாது. கூண்டுக்கிளி கணக்கில் வராது. நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வளர்ப்பதே சட்டப்படி குற்றம்.

எப்போது சேரலாம்

எந்த நாளும் சேரலாம். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் விழாக்கள் இருக்கின்றன. பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். ஜனவரியிலேயே 1987 முதல் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் உண்டு. கண்மாய்க்காரர்களுக்கு அதுதான் திருவிழா. பிப்ரவரி நடுவில் உலகளாவிய நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பும் அதன் ஒரு பகுதியான கல்லூரி வளாகக் கணக்கெடுப்பும் வரும். ஏப்ரல் கடைசியில் ஐநேச்சுரலிஸ்டில் நகரங்களுக்கிடையே போட்டி. ஜூலை கடைசியில் அந்துப்பூச்சி வாரம், செப்டம்பரில் வண்ணத்துப்பூச்சி மாதம். மே, அக்டோபர் மாதங்களில் ஒரு சனிக்கிழமை உலகம் முழுக்கப் பறவை எண்ணும் பெருநாள். தமிழ்நாடு வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பிலும் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள், உங்கள் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இவற்றில் ஒன்றில் போய், தெரிந்தவர் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றால், ஆறு மாதம் தனியாகத் தடுமாறுவது மிச்சம்.

போட்ட பதிவு எங்கே போகிறது

இபேர்ட் பதிவுகளும் ஐநேச்சுரலிஸ்டின் ஆய்வுத் தரப் பதிவுகளும் உலகளாவிய பல்லுயிர்த் தகவல் தளத்தில் சேர்கின்றன. யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். ஐநேச்சுரலிஸ்டின் ‘செட்டிங்ஸ்’ பக்கத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உங்கள் பதிவின் உரிமத்தை ‘எல்லா உரிமையும் எனக்கே’ என்று மாற்றிவிட்டால் அந்தத் தளத்துக்குப் போகாது.

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. 193.42 ஹெக்டேர். அந்த அறிவிப்போடு பேசப்பட்ட விவரம், அங்கே லகர் வல்லூறு உட்பட சுமார் 250 பறவை இனங்கள் இருப்பது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோதும், ஊர்மக்கள் போராடி 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தபோதும், அந்த எண்ணைச் செய்தித்தாள்களில் பல முறை பார்த்தேன். ஒரு மலைக்கு 250 என்ற எண் ஒரே நாளில் கிடைப்பதில்லை. பட்டியல் மேல் பட்டியலாகச் சேர்வது அது.

உங்கள் தெருவுக்கு அப்படி ஓர் எண் இருக்கிறதா என்று இபேர்டில் தேடிப் பாருங்கள். வரைபடத்தில் அது பெரும்பாலும் வெற்றுச் சதுரமாகத்தான் இருக்கும்.

நடுவில் விட்டுப்போனால்

காய்ச்சல், தேர்வு, மழை என்று இரண்டு வாரம் விட்டுப்போகும். பரவாயில்லை. விட்ட வாரத்தை நினைவிலிருந்து நிரப்ப மட்டும் முயலாதீர்கள்; இடைவெளி இடைவெளியாகவே இருக்கட்டும். பறவை குறைவாக இருந்த நாளில் ‘இன்று ஒன்றுமில்லை, நாளைக்குப் போடலாம்’ என்று பட்டியலை அழிக்கவும் வேண்டாம். நான்கு இனம் மட்டும் உள்ள பட்டியலும் பட்டியல்தான்.

வீடு மாறினால்? எனக்கு அது நடந்தது. கிளம்புவதற்கு முன், நான் நின்ற கண்மாய்க் கரையை எல்லோருக்குமான பொது இடமாக்கச் சொல்லி இபேர்டில் விண்ணப்பித்தேன். தனிப்பட்ட இடமாக இருந்தால் நம் கணக்கோடு முடிந்துபோகும், பொது இடமானால் அடுத்து வருபவர் அதே புள்ளியில் தொடரலாம். மொட்டைமாடியைப் பொது இடமாக்க முடியாது, அது யாருடையதோ ஆகிவிட்டது. எதிர்வீட்டு அக்கா தன் மாடியிலிருந்து போடுவதாகச் சொன்னார். செயலியை இறக்கிக் கொடுத்து, நின்ற பட்டியலுக்கும் நடந்த பட்டியலுக்கும் வித்தியாசம் சொல்லிவிட்டு வந்தேன். ஒன்பது நாள் கழித்து அவருடைய முதல் பட்டியல் எனக்குப் பகிரப்பட்டு வந்தது. பன்னிரண்டு நிமிடம், ஐந்து இனம், காக்கை 6, முழுப் பட்டியல் ‘ஆம்’. கூடவே வாட்ஸப்பில் ஒரு கேள்வி: “தம்பி, தண்ணித்தொட்டில ரெண்டு காக்கா மறுபடி வந்து உக்காந்துச்சு, அதையும் சேக்கணுமா?”